உயிரோடு ஒரு பங்கு

நேற்று ஊர் டேங்க்கில் பிளீச்சிங் பவுடர் போட்டிருந்தார்கள் போலிருக்கிறது. குழாயைத் திறந்ததும் மூக்கில் ஏறியது. மருமகள், "இன்னா அத்தே, கொடத்த வெச்சுக்கினு அப்டியே நின்னுட்டீங்க?" என்றாள். என்னவென்று சொல்வது? எனக்கு அடித்தது அறுபது வருஷத்துக்கு முந்தின நெடி. இடித்த காரைக்காய். அஞ்சாங்கிளாசோடு நின்றவள் நான், எதையும் வரிசையாகச் சொல்ல வராது. நெடி இழுக்கிற பக்கம் போகிறேன், நீங்களும் கூடவே வாருங்கள்.

மலையில் எங்கள் ஊருக்குக் கீழே ஒரு ஆறு. கோடையில் ஓட்டம் நின்று மடுமடுவாகக் கிடக்கும். அப்போது ஊரே திரண்டு காரைக்காயை இடித்துப் பெருமடுவில் கலக்கும். கொஞ்ச நேரத்தில் மீன்கள் மயங்கி, வெள்ளை வயிற்றைக் காட்டி மிதக்கும். வீட்டுக்கு ஒரு தேக்கிலை விரித்துப் பங்கு வைப்பார்கள். முழுகாமல் இருக்கிற பெண் இருந்தால், அந்த வீட்டு இலைக்குப் பக்கத்திலேயே ஒரு சின்ன இலை. வயிற்றுப் பிள்ளைக்கும் ஆற்றில் பங்கு உண்டு. அந்தச் சின்ன இலையைப் பார்த்துத்தான் ஊருக்கே சேதி தெரியும்.

நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் இலையில் விழுந்ததெல்லாம் விரல் நீளத்துக்கும் குறைவு. குஞ்சு, சினை எல்லாம் வருஷா வருஷம் செத்தால் எங்கிருந்து வரும்? தண்ணீர் நாறியது. மாடுகள் மோந்து பார்த்துவிட்டுத் திரும்பின. மேலே இருந்த பாறைமடு மண் மூடி, மீன் அற்றுப்போய், இலை அழுகிக் கிடந்தது.

அந்த மண்ணைத்தான் குப்பம்மா அத்தை அள்ளினாள். அப்பாவின் தங்கை. புருஷன் போனபிறகு பிறந்த ஊருக்கே வந்து தனியாக இருந்தாள். யாரும் சொல்லவில்லை, யாரும் கூப்பிடவில்லை. பனிக்காலம் முழுக்கக் கூடைகூடையாக அள்ளிக் கரையில் கொட்டினாள். அவள் என் தலையில் பூ வைத்துவிட்டால் பூவும் சேறாக மணக்கும்.

போகிறவர்கள் சும்மா போவார்களா?

"இன்னா குப்பம்மா, ஆத்துக்கு வூடு பெருக்கறியா?"

"ஆமா மாமா, விருந்தாளி வர்றாங்க."

கோடை வந்தது. காய் இடிக்க உலக்கையைத் தூக்கின நேரம், அத்தை தன் இலையோடு ஊர்க்கவுண்டர் முன்னால் போய் நின்றாள்.

"என் பங்க இப்பவே குடுங்க. உசுரோட."

"உசுரோடவா? கெண்டைக்கும் ஒனக்கும் கண்ணாலமா?"

எல்லோரும் சிரித்தார்கள். அத்தை சிரிக்கவில்லை.

"எனுக்குப் பங்கு உண்டா இல்லியா, அத்த மட்டும் சொல்லுங்க."

எந்த வீட்டுக்கும் பங்கு இல்லையென்று சொல்லும் வழக்கம் எங்கள் ஊரில் கிடையாது. காய் கலந்தபிறகு உயிரோடு எங்கே கொடுப்பது? கவுண்டர் வெற்றிலையை இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்கு மாற்றினார்.

"போன வருசம் ஒரு பங்கு எவ்ளோ வந்துச்சோ, அவ்ளோ புடிச்சுக்கோ. அப்பால காய் கலக்கறோம்."

அத்தை கூடையோடு இறங்கினாள். கொஞ்சம்தான் அகப்பட்டது. அதுவும் மேலே பாறைமடுவுக்குப் போகிற வழியிலேயே செத்தால் அவள் ஒரு பனிக்காலம் அள்ளின மடு வெறும் பள்ளம்தான். அத்தை கூடையில் கிடந்ததைத் திரும்பத் திரும்ப எண்ணினாள்.

அப்போது என் அம்மா, அப்பாவிடம்கூட முகம் பார்த்துப் பேசாதவள் (என் கூச்சம் அங்கிருந்து வந்த சீதனம்), முன்னால் போய்த் தன் சின்ன இலையைக் கீழே வைத்தாள்.

"எங்க வூட்டுப் பங்கு எப்டியோ போவட்டும். வயித்துல கீறதோட பங்கு உசுரோடதான் வேணும்."

அப்பா முறைத்தார். அம்மா குடத்தை எடுத்துக்கொண்டு இறங்கி அந்தப் பங்கையும் பிடித்தாள்.

இரண்டு பேரும் மீனைத் தண்ணீரோடு குடத்தில் விட்டு, தலையில் வைத்துப் பாறை மேல் ஏறினார்கள். நான் பின்னால் போனேன். குடத்துக்குள் மீன்கள் வாலால் தட்டிக்கொண்டே வந்தன, மூடின கதவை யாரோ மெள்ளத் தட்டுவது மாதிரி. பாறைமடுவில் விட்டதும் அசையாமல் நின்றன. அத்தை மூச்சுக்கூட விடவில்லை. பிறகு ஒவ்வொன்றாகப் பாறை நிழலுக்குள் போய் மறைந்தன.

மழையில் அதுகளின் குஞ்சுகள் கீழே இறங்கிவந்தன. அடுத்த கோடையில் பெருமடுவில் மேக நிழல் நகர்வது போல மீன் கூட்டம். பெண்கள் சிலர் தங்கள் இலையைத் தண்ணீரிலேயே மிதக்கவிட்டு, "எங்களுது அதுலயே கெடக்கட்டும்" என்றார்கள். அந்தப் பங்குக்கெல்லாம் மீனைப் பாறைமடுவுக்குச் சுமந்தபிறகுதான் காய் கலந்தார்கள். வருஷத்துக்கு வருஷம் மிதக்கிற இலை கூடியது. கவுண்டர் பெண்சாதியும் ஒருநாள் விட்டாள்.

"அப்ப நான் இன்னாத்த துன்றது?" என்றார் கவுண்டர்.

"கூழு கீது, குடி."

நான் உள்ளூரிலேயே வாக்கப்பட்ட வருஷம், ஊர் இலை மொத்தமும் தண்ணீரில். உலக்கைகள் சும்மா சாய்ந்திருந்தன. நான் யார் முகத்தையும் பார்க்காமல் இரண்டு இலை விட்டேன்.

"அடிக் கள்ளி, ரெண்டா!" என்று யாரோ கூவ, கரையே சிரித்தது. முழங்கால் தண்ணீரில் நின்றிருந்த அத்தை, கவிழப் பார்த்த என் சின்ன இலையை உள்ளங்கையால் மெள்ள நிமிர்த்திவிட்டாள்.

அதுதான் கடைசி. இடிக்கக் காய் இல்லை, பங்கு வைக்க மீன் இல்லை என்றானபிறகு ஊர் எதற்கு ஆற்றங்கரையில் கூடும்? மடுவில் இன்றைக்கும் மீன் துள்ளுகிறது. போன மாதம் பக்கத்து வீட்டுப் பெண் ஜமுனாமரத்தூர் ஆஸ்பத்திரியிலிருந்து கைக்குழந்தையோடு ஆட்டோவில் வந்து இறங்கினாள். அவள் முழுகாமல் இருந்ததே எனக்கு அப்போதுதான் தெரியும்.