கதவை மூடிப் பார்க்கிறவள்

அலுவலகத்தில் அவளைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை. கண்ணாடிக்காரம்மா என்றால்தான் காவலாளிக்குக்கூடத் தெரியும். கைப்பைக்குள் எப்போதும் கிடக்கும் உள்ளங்கையகல முகம் பார்க்கும் கண்ணாடியால் வந்த பட்டம் அது. புது வீடுகளில் கேஸ் வாட்டர் ஹீட்டரின் புகைக்குழாயைச் சோதித்துச் சான்று தருவது அவள் வேலை. ஹீட்டரை ஐந்து நிமிடம் எரியவிட்டு, அதன் தலையில் இருக்கும் தகரத் தொப்பியின் ஓரத்தில் கண்ணாடியைப் பிடிப்பாள். புகை குழாய் வழியே வெளியேறினால் கண்ணாடி பளிச்சென்று இருக்கும். வீட்டுக்குள் திரும்பினால் ஆவி படிந்து மங்கிவிடும். இருபது வருடமாகப் போன வீட்டிலெல்லாம் யாராவது ஒருவர், "மேடம் பவுடர் போட வந்திருக்காங்க" என்று அதே நகைச்சுவையைப் புதிதாகக் கண்டுபிடித்துச் சொல்வார். அவளும் இருபது வருடமாகச் சிரிக்கவில்லை.

அன்று போன வீட்டில் ஹீட்டர் மாட்டியவன் அவளுடைய சொந்தத் தம்பி. உறவினர் செய்த வேலையை உறவினர் சோதிக்கக் கூடாது என்று விதி இருந்தது. ஆனால் இருந்த இன்னொரு சோதனையாளர், உறுதியானது என்று தாமே கையெழுத்துப் போட்ட ஏணியிலிருந்து விழுந்து, காலில் கட்டுடன் படுத்திருந்தார். "நீங்களே போயிட்டு வந்துடுங்க, சும்மா ஒரு கையெழுத்துதானே" என்றார் மேலதிகாரி. அவருக்கு எல்லாமே சும்மா ஒரு கையெழுத்துதான்.

தம்பிக்கு அந்த வருடம், சோதனையில் தேறாத வேலைக்குத் தரும் சிவப்பு அட்டை ஏற்கெனவே இரண்டு விழுந்திருந்தது. மூன்றாவது விழுந்தால் ஒரு வருடத்துக்கு உரிமம் கிடையாது. அது அவளுக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். அதனால்தான் அன்று அவன் சட்டையை இஸ்திரி போட்டு வந்திருந்தான்.

"எரிய விட்டிருக்கேன்க்கா, பாரு."

கண்ணாடி பளிச்சென்று இருந்தது.

"பாத்தீங்களா, ஜம்முனு இருக்கு" என்றார் வீட்டுக்காரர். ஓய்வுபெற்ற வங்கி மேலாளர். மறுநாள் காலையில் அவர் மகள் பிறந்த குழந்தையோடு ஆஸ்பத்திரியிலிருந்து அந்த வீட்டுக்குத்தான் வருகிறாள்.

அவள் அண்ணாந்து பார்த்தாள். மேல்நோக்கி ஏற வேண்டிய குழாய், பொய்க்கூரைக்குள் நுழையும் இடத்தில் லேசாகக் கீழே சரிந்தது.

"இது ஏன் குனிஞ்சு போகுது?"

"நான்தான் சொன்னேன் மேடம். தகரக் குழாய் வெளிய தெரிஞ்சா ஹால் அழகே போயிடும்."

"புகைக்கும் அந்த அக்கறை இருக்கும் சார். அதுவும் குனிஞ்சே போயிடும்."

"ஒரு விரல்கடை சரிவுதான்க்கா. டெஸ்ட்ல பாஸ்தான் ஆச்சு" என்றான் தம்பி.

"எப்ப டெஸ்ட் பண்ணின?"

"மாட்டின அன்னைக்கே."

"அன்னைக்கு வீட்டுக்குக் கதவு இருந்துச்சா?"

தம்பி கூரையைப் பார்த்தான். "மறுவாரம்தான் வந்துச்சு."

"ஜன்னல்?"

"சட்டம் இருந்துச்சு."

"அப்ப நீ வீட்டை டெஸ்ட் பண்ணலடா. மைதானத்தை டெஸ்ட் பண்ணியிருக்க."

ஒவ்வொரு ஜன்னலாகச் சாத்தினாள். வாசல் கதவைத் தாழிட்டாள். சமையலறையில் புகை இழுக்கும் விசிறியைப் போட்டாள். தம்பி மெதுவாக, "அக்கா, அது எதுக்குக்கா" என்றான். எதற்கென்று அவனுக்குத் தெரியும். அந்த விசிறி மூடிய வீட்டின் காற்றையெல்லாம் உறிஞ்சும்; குழாய்ப் புகையையும் சேர்த்துத் திரும்ப இழுக்கும்.

ஐந்து நிமிடம் எரியவிட்டு, மறுபடி கண்ணாடியைப் பிடித்தாள். கண்ணாடி ஓரத்திலிருந்து மங்கத் தொடங்கியது. அதில் தெரிந்த அவள் முகமும் மறைந்தது.

"நாளைக்குக் குழந்தை வருது மேடம். கையெழுத்தைப் போட்டுட்டுப் போங்க, அப்புறமா சரிபண்ணிக்கலாம்."

"குழந்தை வருதுன்னுதான் சார் போடல. இந்தப் புகை சத்தம் போடாது, மணம் வராது, தூங்குற ஆளை எழுப்பாது. உங்க ஹால் அழகுக்கு ஏத்த விஷம்தான்."

வீட்டுக்காரர் விசிறியை அவசரமாக நிறுத்தி, ஜன்னலைத் திறந்தார்.

தம்பி அவள் பக்கத்தில் வந்து நின்றான். "அம்மாகிட்ட என்ன சொல்லுவ?"

"ஒரு வருஷம் நீ வீட்டோட இருக்கப் போறேன்னு சொல்றேன். சந்தோஷப்படும்."

சொன்னாளே தவிர, சிவப்பு அட்டையை எடுத்து எழுதும்போது மாட்டியவர் பெயர் என்ற கட்டத்தில் பேனா நின்றுவிட்டது. அந்தப் பெயரை வைத்ததே அவள்தான், ஏழு வயதில், தொட்டிலுக்குப் பக்கத்தில் நின்று அடம்பிடித்து. அவனும் அந்தக் கட்டத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். முழுப் பெயரையும் இனிஷியலோடு எழுதினாள்.

அவன் போய் கேஸ் வால்வை மூடினான். அவள் கையிலிருந்த சிவப்பு அட்டையை வாங்கித் தானே வால்வில் கட்டினான்.

"சார், பொய்க்கூரையைப் பிரிக்கப் போறேன். சாமானையெல்லாம் நகர்த்துங்க."

"உனக்குத்தான் லைசென்ஸ் போகுதேப்பா."

"நாளைக்கு ஆபீஸ்ல பதிஞ்சாதான் சார் போகும். இன்னைக்கு இருக்கு."

வீட்டுக்காரர் புதுக் கூரையை ஒரு தடவை ஏக்கமாகப் பார்த்துவிட்டு, சோபாவை இழுத்தார்.

அவள் கிளம்பவில்லை. மாடிப்படியில் உட்கார்ந்தாள். "முடிச்சதும் மறுபடி சோதிக்க ஆள் வேணும்ல. அதுக்காக அந்த அட்டையைக் கிழிக்க மாட்டேன், தெரிஞ்சுக்கோ."

"கேட்டனா?" என்றான் தம்பி, ஏணியில் ஏறியபடி.