போனில் கேட்ட ஊர்வலம்

என் மகனைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் தேடிக்கொண்டிருக்கிறேன். வருகிற பெண்களிடம் முதலுதவி தெரியுமா, கார் ஓட்டுவீர்களா என்றெல்லாம் கேட்கிறேன். உங்கள் ஊர் எப்படி இருக்கும் என்றும் கேட்கத் தோன்றும். தப்பாக எடுத்துக்கொள்வார்களோ என்று விட்டுவிடுகிறேன். லூபே ஆன்ட்டியிடம் அம்மா முதலில் கேட்டதே அதைத்தானாம்.

தொண்ணூறுகளின் நடுவில் நாங்கள் மில்பிடாஸில் இருந்தோம். அம்மாவும் அப்பாவும் வேலையிலிருந்து திரும்பும்வரை என்னைப் பார்த்துக்கொண்டவர் லூபே ஆன்ட்டி. மெக்சிகோவில், சகதேகாஸ் மாநிலத்தில், நம் ஊராட்சி ஒன்றியம் மாதிரி சில மலைக்கிராமங்கள் சேர்ந்த இடம் அவருடையது. அங்கே நிலமெல்லாம் ஒரு காலத்தில் ஒரே பண்ணையாரிடம் இருந்தது. ஆன்ட்டியின் தாத்தா காலத்தில் ஊர்க்காரர்கள் சண்டை போட்டு வாங்கிப் பிரித்துக்கொண்டார்கள். பிறகு மழை ஏமாற்ற, ஆண்கள் ஒவ்வொருவராக வடக்கே எல்லை தாண்டி இங்கே கிளம்பி வந்துவிட்டார்கள். டிசம்பர் திருவிழாவுக்குத்தான் எங்கள் ஊரில் மீசையைப் பார்க்க முடியும் என்று சொல்லிச் சிரிப்பார். இங்கே இறந்துபோகிறவர்களை ஊர் விட்டுவிடாது. சவப்பெட்டி வந்து சேரும்போது எல்லோரும் பேண்டு வாத்தியத்தோடு ஊர் எல்லையில் நிற்பார்கள். தோளில் தூக்கி, அவர் வீட்டையும் மக்காச்சோளக் காட்டையும் ஒரு சுற்று சுற்றிய பிறகுதான் புதைப்பார்கள்.

எனக்கு ஐந்து வயதானபோது ஆன்ட்டியின் கணவர் கூரை வேலையில் கீழே விழுந்து இறந்துபோனார். துக்கம் கேட்கப் போன அம்மா முகம் வாடித் திரும்பி வந்தாள். அன்று அவள் அப்பாவிடம் பேசியது எனக்கு எவ்வளவு நினைவிருக்கிறது, பின்னால் அவளே சொன்னது எவ்வளவு என்று பிரிக்கத் தெரியவில்லை.

“பாடிய அனுப்பறதுன்னா எவ்ளோ அலைச்சல். இங்கயே கிரிமேட் பண்ணிடலாமே, அஸ்திய மட்டும் அனுப்புங்கன்னு சொன்னேங்க. உங்க ஊர்ல ஆறு இருக்கான்னு வேற கேட்டுட்டேன்.”

“அவங்க என்ன சொன்னாங்க?”

“எரிச்சுட்டா ஊர்க்காரங்க எதைத் தோள்ல தூக்குவாங்கன்னு கேட்டாங்க.”

“நல்லதுன்னு நெனச்சுத்தானே சொன்ன, விடு. கூட அவங்களும் போறாங்களா?”

“எப்படிங்க போவாங்க? பேப்பர்ஸ் இல்ல. போனா திரும்பி வர முடியாது. பசங்க ரெண்டும் இங்க ஸ்கூல்ல.”

கணவரின் தம்பியிடம் கிரீன் கார்டு இருந்ததால் அவர் பெட்டியோடு போனார். அந்த ஊரிலேயே ஒரே ஒரு போன்தான், கடைத்தெரு மளிகைக் கடையில். இங்கே ஆன்ட்டி இருந்த வீட்டில் போனே இல்லை. எங்கள் நம்பரை அந்தக் கடையில் கொடுக்கும்படி தம்பியிடம் சொல்லிவிட்டு, அடக்கம் நடக்கும் நாளில் அம்மா லீவு போட்டாள்.

காலையிலிருந்து ஆன்ட்டி கறுப்பு உடையில் எங்கள் சமையலறையில் உட்கார்ந்திருந்தார். அம்மா கொடுத்த காபி ஆறிப்போயிற்று. மணி அடித்ததும் ரிசீவரை எடுத்துக் காதோடு அழுத்திக்கொண்டார். அங்கே கடைக்காரம்மா தன் ரிசீவரைத் தெருப்பக்கம் நீட்டிப் பிடித்திருந்தார். முதலில் ஒன்றுமில்லை. பிறகு டிரம்பெட்டும் பெரிய டிரம்மும் மெல்ல நெருங்கி வந்தன. பக்கத்தில் நின்ற எனக்கும் கேட்டது.

எனக்கு அது பிறந்தநாள் பார்ட்டிப் பாட்டு மாதிரி இருந்தது. ஆடத் தொடங்கினேன். சாவுக்கு மேளம் அடிப்பது நம் ஊரிலும் உண்டு. இங்கேயே பிறந்த நான் அதைப் பார்த்ததில்லை. அம்மா என் தோளைப் பிடித்து, “ஏய், சும்மா நில்லுடி” என்றாள். ஆன்ட்டி வேண்டாம் என்று தலையசைத்தார். எனக்கு நன்றாகக் கேட்கட்டும் என்று ரிசீவரைக் காதிலிருந்து சற்று விலக்கிப் பிடித்தார். அவர் கன்னம் நனைந்திருந்தது. நான் சுற்றிச் சுற்றி ஆடினேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வாத்தியம் கடையைத் தாண்டிப் போயிற்று. சத்தம் தேய்ந்து, ஒரு நாய் குரைப்பது மட்டும் கேட்டது. கடைக்காரம்மா ஏதோ சொல்லி போனை வைத்துவிட்டார். ஆன்ட்டி வைக்கவில்லை. வெறும் இரைச்சலைக் கேட்டபடி இருந்தார்.

அவர் பாவாடையைப் பிடித்து இழுத்தேன். “ஒன் மோர் டைம், ஆன்ட்டி. டெல் தெம்.”

அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆன்ட்டி என் தலையில் கை வைத்தார். கேட்டால் முதலிலிருந்து மறுபடி வாசிப்பார்கள் என்று நம்பி, அடுத்த ஆட்டத்துக்குக் கைகளைத் தூக்கியபடி காத்திருந்தேன்.