புயல் விட்டுவைத்த கட்டுமரம்

சுதந்திரம் வந்த புதிதில் அடித்த புயலில் திருவொற்றியூர்க் கரையோரம் எங்கள் குப்பத்தில் ஒரு கூரைகூட மிஞ்சவில்லை. ஆனாலும் நான் அழவில்லை. ஓலை எப்படியாவது கிடைத்துவிடும். என் வீட்டுக்காரரின் கட்டுமரம் பிழைத்ததே, அது போதும் என்றிருந்தேன். காற்று மாறும்போதே அவர் தம்பியைக் கூட்டிக்கொண்டு அதை ரோட்டோரம் வரை இழுத்துப்போய்ப் பனையோடு கட்டிப்போட்டிருந்தார். பாதிப் பேருடையதைக் கடல் கொண்டுபோனது. எங்களுடையது தப்பியதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட.

கட்டுமரம் அவர் அப்பா காலத்தில் மலையாளக் கரையிலிருந்து வந்தது. அது இல்லையென்றால் இன்னொருவனிடம் கூலிக்குத்தான் கடலுக்குப் போக வேண்டும். படகு மாதிரி அது ஒரே உருப்படி அல்ல. கட்டைகளைக் கயிறு போட்டுச் சேர்த்துக் கட்டுவோம். கரைக்கு வந்ததும் அவிழ்த்துத் தனித்தனியாகக் காயப் போடுவோம், ஈரத்தோடு விட்டால் கனத்துப்போகும். எங்கள் கரையில் அதற்குக் காவல் கிடையாது, ஒருவரும் தொடமாட்டார்கள். வெயில் வந்ததும் அவர் வழக்கம்போல அவிழ்த்து ரோட்டோரமே பரப்பிவிட்டு, நாங்கள் ஒதுங்கியிருந்த பள்ளிக்கூடத்துக்கு வந்து அசந்து தூங்கினார்.

மறுநாள் போய்ப் பார்த்தால் ரோட்டோரம் சுத்தமாக இருந்தது. ஓடு, கூரைக் கழி, முறிந்த கிளை, செத்த ஆடு எல்லாவற்றையும் குப்பை அள்ள வந்த கன்ட்ராக்டரின் ஆட்கள் வாரிக்கொண்டு போயிருந்தார்கள். எங்கள் கட்டைகளும் இல்லை.

மேஸ்திரியைத் தேடிப் பிடித்தோம்.

"ரோட்ல கெடந்த கட்டைங்களா? அல்லாம் வெறவுக்குப் பூட்ச்சி நைனா," என்றான்.

"அதுலதான்யா நான் கடலுக்குப் போறேன்," என்றார் இவர்.

"கட்டியா வெச்சிருந்த? தனித்தனியா கெடந்தா நான் இன்னான்னு நெனைக்கிறது?"

அவன் பொய் சொல்லவில்லை. அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். திருடனாக இருந்திருந்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டிருப்பேன்.

"எந்தக் கடைக்குப் போட்டீங்கோ?" என்றேன்.

"கடைக்கு இல்லம்மா. கஞ்சி ஊத்துற எடத்துக்கு."

புயலில் அடிபட்டவர்களுக்கென்று யாரோ புண்ணியவான்கள் ராயபுரம் போகிற வழியில் கஞ்சி காய்ச்சி ஊற்றிக்கொண்டிருந்தார்கள். கையில் தூக்குச் சட்டியோடு அங்கே தினமும் வரிசையில் நின்றது நாங்கள்தான்.

கஞ்சிக்கென்று எடுத்துவந்த தூக்கோடு ஓட்டமும் நடையுமாகப் போனோம். பள்ளம் வெட்டி, பெரிய அண்டாவை ஏற்றியிருந்தார்கள். அடுப்பு வாயில் அகலமாக ஒரு கட்டை நீட்டிக்கொண்டிருந்தது. புழு அரித்த ஓட்டையில் வேப்பங்கட்டையை அடித்து, இவர் தார் பூசி அடைத்த இடம் எனக்கு நன்றாகத் தெரியும். அந்தத் தார் உருகி ஒழுகிக்கொண்டிருந்தது.

அவர் வெறுங்கையால் கட்டையை வெளியே இழுத்து மணலில் போட்டார். முன்பாதி போய்விட்டிருந்தது.

"மத்ததுங்கோ?" என்று கேட்டார்.

சமையற்காரர் கரண்டியால் சாம்பலைக் காட்டினார். அவருக்கு விஷயம் புரிய நேரமாயிற்று. புரிந்ததும் குரல் இறங்கிவிட்டது.

"எனக்குத் தெரியாது நைனா. மத்த வெறவு அல்லாம் நனைஞ்சி கீது. இதுங்கதான் காஞ்சிருந்திச்சி."

காய வைத்தவர் என் வீட்டுக்காரர்தான்.

வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். எல்லாம் எங்கள் குப்பத்து ஜனங்கள். கீழே கிடப்பது என்னவென்று அவர்களுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. இடுப்பில் இருந்த குழந்தைகள் மட்டும் பசியில் சிணுங்கிக்கொண்டிருந்தன. அண்டாவில் கொதி அடங்கத் தொடங்கியது. அரிசி பாதிதான் வெந்திருந்தது.

இவர் குனிந்து கட்டையைத் தூக்கினார். வீட்டுக்கு எடுத்துப் போகப்போகிறார் என்றுதான் நினைத்தேன். அதை அடுப்புக்குள் திரும்பச் செருகி, தீப் பிடிக்கும்வரை குந்தியிருந்து ஊதினார். பிறகு என் கையிலிருந்த தூக்கை வாங்கிக்கொண்டு வரிசையின் கடைசியில் போய் நின்றார்.