கிளாரினெட்டுக்குக் குளிரக் கூடாது

ஏர்போர்ட் வாசலில் பேர் எழுதின அட்டையைத் தூக்கிக்கொண்டு நிற்கிற பிழைப்பு இருக்கிறதே, அதைச் செய்தவனுக்குத்தான் அதன் அருமை தெரியும். வருகிற ஆள் எப்படி, எதற்குச் சிரிப்பார், எதற்குக் கத்துவார் என்று எதுவுமே தெரியாமல் முப்பத்திரண்டு பல்லையும் காட்டிக்கொண்டு நிற்கவேண்டும்.

ஷார்ஜாவில் மேடை நிகழ்ச்சி நடத்துகிற ஒரு கம்பெனியில் எனக்கு அந்த டியூட்டி. கலைஞர்களைக் கூட்டிவந்து, தங்கவைத்து, மேடையேற்றி, திரும்ப விமானம் ஏற்றுகிறவரை அவர்கள் என் பொறுப்பு. பாட்டுக்காரர், மேஜிக்காரர், கிளி வைத்து வித்தை காட்டுகிறவர் என்று எத்தனையோ பேரைப் பார்த்தாச்சு. ஆனால் இரண்டாயிரங்களின் நடுவில் ஒரு மே மாதம், பிரான்சிலிருந்து ரெமி என்று ஒரு கிளாரினெட்காரர் வந்தார் பாருங்கள்! அடேயப்பா, அந்த ஒரு வாரத்தை இப்போது நினைத்தாலும் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்கிறது. இதே பிழைப்பில் மாட்டிக்கொண்டிருக்கும் அண்ணன் தம்பிகளே, நீங்களே சொல்லுங்கள், இப்படி ஒரு விருந்தாளி உங்களுக்கு வாய்த்ததுண்டா?

கஸ்டம்ஸில் முதல் கச்சேரி

அவர் வந்த விமானத்தின் ஆட்கள் எல்லாம் வெளியே வந்து டாக்ஸி பிடித்துப் போய்விட்டார்கள். இவரைக் காணோம். போச்சுடா என்று கம்பெனி பாஸைக் காட்டி உள்ளே ஓடினேன். ஒல்லியாக, நாற்பது வயசுக்காரர் ஒருத்தர், கஸ்டம்ஸ் மேஜை முன்னால் வெளிறிப்போய் நிற்கிறார். மேஜைமேல் ஒரு பெட்டி திறந்து கிடக்கிறது. உள்ளே ஐந்து கறுப்புத் துண்டுகள், ஒரு குட்டிக் கத்தி, மெல்லிசாகச் சீவின நாணல் தகடுகள். பார்த்தால் எனக்கே கொஞ்சம் சந்தேகம் வந்துவிட்டது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

"இது என்ன?" என்று அந்த அராபி ஆபீசர் கேட்டார். ரெமி துண்டுகளைக் கையில் பொத்திச் சூடாக்கி ஒன்றோடொன்று சொருகினார், ஒரு தகட்டை நாக்கில் நனைத்து மாட்டினார், கண்ணை மூடிக்கொண்டு ஊத ஆரம்பித்துவிட்டார். டிராலி தள்ளுகிறவன் தள்ளுவதை நிறுத்தினான். அழுதுகொண்டிருந்த ஒரு குழந்தை வாயை மூடிக்கொண்டது. எனக்குப் புல்லரித்துப் போச்சு. முடிந்ததும் ஆபீசர் பெட்டியை அவரே பதமாக மூடப்போனார், பிறகு கையை எடுத்துக்கொண்டார்.

"மாஷா அல்லா! மூடாதீங்க, இன்னொரு தடவை வாசிங்க. எங்க மேனேஜரைக் கூப்பிடுறேன், அவரும் கேக்கட்டும்!"

ஏசி போட்டது ஒரு குத்தமா?

வளைகுடாவில் மரியாதையை ஏசியில்தான் காட்டுவார்கள். பெரிய மனுஷன் வந்தால் வண்டியை முன்கூட்டியே குளிரவைத்துத் தயாராக நிறுத்தவேண்டும். நானும் அப்படித்தான் வேனை ஐஸ்பெட்டியாக்கி வைத்திருந்தேன். ரெமி ஒரு காலை உள்ளே வைத்தார், அவ்வளவுதான், "ஆஃப்! ஆஃப்!" என்று ஒரே அலறல். பெட்டியைக் குழந்தை மாதிரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

பிறகுதான் இங்கிலீஷில் விளக்கினார். கிளாரினெட் கருமரத்தில் செய்தது. குளிரில் இறுகிக் கிடக்கிற மரத்துக்குள் சூடான மூச்சு போனால் உள்பக்கம் விரியும், வெளிப்பக்கம் விரியாது. டப்பென்று விரிசல் விட்டுவிடும். அவரிடம் இருப்பதோ அது ஒன்றுதான். அவர் ஊர் இசைக்குழுவில் பல வருஷமாக இரண்டாவது நாற்காலியில், அதாவது தலைமைக் கிளாரினெட்காரருக்கு அடுத்த இடத்தில், உட்கார்ந்து ஊதுகிறவராம் மனுஷன். முதல் நாற்காலிக்காரர் ரிட்டயர் ஆகிறார். அந்த இடத்துக்கு இவரா, பாரீஸில் ஒரு சின்னப் பையனா என்று முடிவு பண்ணுகிற, கோல் அசைத்துக் குழுவை நடத்தும் கண்டக்டர், வெள்ளிக்கிழமை அபுதாபி கச்சேரிக்கு விருந்தாளியாக வந்து கேட்கப் போகிறார். "வெள்ளிக்கிழமை இது விரிசல் விட்டா, அத்தோட நானும் முடிஞ்சேன், செல்வம்" என்றார். அப்புறம் எந்தக் கையால் ஏசி போடுவேன்? கண்ணாடியை இறக்கிவிட்டேன். பிரியாணி அண்டாவைத் திறந்த மாதிரி அனல் அடித்தது. அவர் மட்டும் சந்தோஷமாகச் சாய்ந்துகொண்டார். சிக்னலில் பக்கத்து லாரியின் டிரைவர், ஒரு பாகிஸ்தான்காரப் பட்டாணியன், எட்டிப் பார்த்தான்.

"பாய், ஏசி கராபா? ஷார்ஜா இண்டஸ்ட்ரியல் ஏரியால நம்ம கேரேஜ் இருக்கு, ஜல்தி வா! பாவம், வெள்ளைக்காரன் வெந்துடுவான்!"

குடோன் வித்வான்

ஓட்டல் ரூமில் ஏசியை அணைக்கவே முடியாதாம், அது மொத்தக் கட்டடத்துக்கும் ஒன்றாம். வேறு வழி? எங்கள் கம்பெனி குடோனுக்கே கூட்டிக்கொண்டு போனேன். தகரக் கூரை, மேடைப் பலகை அடுக்கு, கறகறவென்று ஒரு ஃபேன். ரெமிக்கு ஏக குஷி! சட்டைக் கையை மடித்துவிட்டு ஊத உட்கார்ந்துவிட்டார்.

மேடை கட்டுகிற எங்கள் பையன்களெல்லாம் கூடிவிட்டார்கள். அதில் புதுக்கோட்டை முருகேசன் முக்கியமான ஆள். அவன் மாமா பேண்டு செட்டில் கிளாரினெட் வாசிக்கிறவர். அதனால் கையைக் கட்டிக்கொண்டு பரீட்சை வாத்தியார் தோரணையில் நின்றான். ரெமி கீழேயிருந்து மேலே, மேலேயிருந்து கீழே என்று ஒரே ஏற்ற இறக்கமாகச் சாதகம் பண்ணினார். முருகேசன் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தான். "அண்ணே, கை சுத்தம், மூச்சும் சுத்தம். ஆனா பாட்டை ஆரம்பிக்கவே மாட்டேங்கிறாரே, எதுக்காகக் காத்திருக்காருன்னு கேளுங்க" என்றான். சிரித்துக்கொண்டே மொழிபெயர்த்துச் சொன்னேன். ரெமி சிரிக்கவில்லை.

"வெள்ளிக்கிழமைக்காக."

கூடாரத்துக்குள் இமயமலை

வெள்ளிக்கிழமையும் வந்தது. அபுதாபியில் ஓட்டல் கடற்கரையில் கல்யாண மண்டபம் பெரிசுக்கு ஒரு கூடாரம். உள்ளே நுழைந்ததும் எனக்குப் பல் கிட்டித்தது. ஏசிக் குழாய் சரியாக மேடைக்கு மேலே வாய் பிளந்து நிற்கிறது! கலைஞருக்கு மரியாதையாம். ஓட்டல் மேனேஜர் லெபனான்காரர். கெஞ்சினேன், கொஞ்சினேன், காலில் விழாத குறைதான். "விஐபி வர்றாங்க. ஏசில கை வைக்கக் கூடாது. கலாஸ், பேச்சு முடிஞ்சுது!" என்று போயேவிட்டார்.

ரெமி கிளாரினெட்டைத் தொட்டுப் பார்த்தார். ஐஸ்தான். கோட்டுக்குள் வைத்துச் சூடேற்றலாம் என்றால் அவரே வெடவெடவென்று நடுங்குகிறார். "முடிஞ்சது, செல்வம்" என்று மேடைக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டார். எனக்கு வந்ததே கோபம்! ஒரு குழாய்க்காக ஒரு மனுஷன் வாழ்க்கை போகிறதா? வெளியே ஓடினேன். முருகேசனும் நாலு பேரும் வெயிலில் கூடாரக் கயிறு இழுத்துக் கட்டி, தொட்டால் சுடுகிற மாதிரி நின்றார்கள். "டேய், யல்லா, எல்லாரும் உள்ள ஓடியாங்கடா! உங்க உடம்புச் சூடு வேணும்!"

துண்டு ஐந்து, ஆள் ஐந்து. வியர்வை படாமல் ஒவ்வொரு துண்டையும் ரெமி துணியில் சுற்றிக் கொடுக்க, சட்டைக்குள் விட்டு அக்குளில் இடுக்கிக்கொண்டு ஐந்து பேரும் வரிசையாக உட்கார்ந்தார்கள். சாமி சத்தியமாகச் சொல்கிறேன், மூச்சுகூட மெதுவாகத்தான் விட்டார்கள். அதிகம் விரிசல் விடுகிற மேல்துண்டு முருகேசனிடம். அவன் முகம் மட்டும் ஒரு மாதிரி கோணிக்கொண்டே வந்தது. என்னடா என்று கேட்டேன்.

"கூசுதுண்ணே. ஆனா அசையமாட்டேன்."

முதல் நாற்காலி

துண்டுகளைச் சேர்த்துப் பூட்டிக்கொண்டு ரெமி மேடையேறினார். நான் திரைக்குப் பின்னால் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறேன். பாட்டு எங்கே கேட்டேன்? டப்பென்று ஒரு சத்தம் வந்துவிடுமோ என்றுதான் கேட்டேன். வரவில்லை! ஒரு உருப்படி முடிந்து கைதட்டல் எழும்போதெல்லாம் ரெமி ஓரத்துக்கு வருவார், முருகேசன் கிளாரினெட்டை வாங்கி அணைத்துக்கொள்வான், அடுத்ததற்குத் திருப்பிக் கொடுப்பான். கடைசி உருப்படிக்குள் எனக்கும் பயம் போய்விட்டது. அப்போதுதான் காதில் சங்கீதமே விழுந்தது. ஐயோ, என்ன வாசிப்பு! கூடாரமே எழுந்து நின்று தட்டியது. நான் விசிலே அடித்துவிட்டேன்.

நரைத்த தலையோடு அந்தக் கண்டக்டர் பின்னால் வந்தார். பிரெஞ்சில் ஏதோ சொன்னார். ரெமி அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். பிறகு பாய்ந்து வந்து முருகேசனைக் கட்டிக்கொண்டு குழந்தை மாதிரி அழுதார். "முதல் நாற்காலி எனக்குத்தான்! எனக்குத்தான்!" என்று அவர் சொன்னதை நான் தமிழில் கத்த, பையன்கள் ரெமியைத் தோளில் தூக்கிவிட்டார்கள். முருகேசன் மட்டும் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் காதில் கேட்டான்.

"அண்ணே, அந்தப் பெரியவர்கிட்டக் கேளுங்க, அந்த முதல் நாற்காலியையாவது ஏசிக்கு அடியில போடாம இருப்பாங்களா?"

இன்றைக்கும் அந்த ஊரில் ரெமி ஊதும்போது கைதட்டுகிறவர்களுக்கு ஒன்று மட்டும் தெரியாது: அவரை முதல் நாற்காலியில் உட்காரவைத்தது எங்கள் முருகேசனின் அக்குள்.