அபெனிசாவின் முழநீளப் பாஸ்வேர்டு

ஃபிஜித் தீவின் சவுசவு ஊர்க் கடற்கரை ஹோட்டலின் வைஃபைக்கு அபெனிசாதான் காவல். விருந்தாளிகளுக்கு ஒரு இணைப்பு, கணக்கும் கார்டு மெஷினும் ஓடுகிற ஆபீசுக்கு இன்னொன்று என்று பிரித்து வைத்தவன் அவன். ஆபீஸ் பாஸ்வேர்டு முழ நீளம் இருக்கும். "பெத்த தாய் கேட்டாலும் வாயத் திறக்கக்கூடாது" என்று ஊழியர்களுக்கு மாதாமாதம் பாடம் வேறு நடத்துவான்.

ஆனால் ஃபிஜியில் சொந்தக்காரன் ஒருவன் 'கெரெகெரே', அதாவது 'தயவுபண்ணிக் கொடு', என்று கேட்டுவிட்டால், இல்லை என்று சொல்வதைவிடக் கடலில் குதிப்பது மேல்.

முதலில் வந்தவன் மச்சான் துய்லோமா. "கெரெகெரே மச்சான், ரக்பி பாக்கணும். விருந்தாளி வைஃபை நத்தையா ஊருது. ஆபீஸ் பாஸ்வேர்டு குடேன்."

"என் வேலைக்கு உலை வைக்காதடா!"

"அடச்சீ! உங்க வம்சத்துலயே இப்படி ஒரு கஞ்சன் பொறந்ததில்ல."

மானம் போவதற்குள் பாஸ்வேர்டு போனது. அடுத்து அத்தை வந்தாள், பிறகு பாதிரியார், அவர் பின்னாலேயே தேவாலயப் பாடகர் குழு மொத்தமும்.

வருடக் கடைசியில் பாதுகாப்பு அறிக்கையைப் படித்த முதலாளியம்மா மெரெசெய்னி பூரித்துப்போனாள். "நம்ம பாஸ்வேர்ட உடைக்க ஒருத்தன்கூட முயற்சி பண்ணலையாமே! எப்படிப்பா?"

"நம்ம ஜனங்க மரியாதை தெரிஞ்சவங்கம்மா" என்றான் அபெனிசா. "எதையும் கேட்டுத்தான் எடுப்பாங்க."