துரையின் புல்தரையில் கோரை

வெள்ளவத்தை அடுக்குமாடியின் கார் தரிப்பிடத்தில், கொங்கிரீட் வெடிப்பில் முளைத்திருந்த கோரையை இன்று காவலாளி பிடுங்கினான். அந்தக் கிழங்கின் மருந்து வாசம், இதே இடத்தில் இருந்த வெள்ளைக்காரத் துரையின் பங்களாவுக்கு என்னை இழுத்துப் போனது. பின்னறைகளில் நாங்கள் வாடகைக்கு இருந்தோம். சீமையிலிருந்து விதை வருவித்து அவர் வளர்த்த புல்லைக் கடற்காற்று கருக்கும், கருகிய இடமெல்லாம் கோரை எழும்பும், எங்கள் பக்கமிருந்துதான் பரவுகிறதென்று ஞாயிறுதோறும் துரை கத்துவார், அம்மா குந்தியிருந்து தாளை மட்டும் அறுத்துக் கிழங்கை வேண்டுமென்றே மண்ணுக்குள் விட்டுவிடுவார்.

ஒருநாள் அம்மா எழுந்து நின்றார். “கோரை இந்த மண்ணில பிறந்தது. கப்பலில வந்தது உங்கட புல்லுத்தான் எண்டு சொல்லு, பிள்ளை.”

ஒரு சொல்லும் குறைக்காமல் இங்கிலீசில் சொன்னேன்.

அந்த மாதமே துரை எங்களைக் கிளப்பினார். கோரையைக் கிளப்ப அவராலும் முடியவில்லை, இந்தக் கொங்கிரீட்டாலும் முடியவில்லை.