ஆர்லீன் கெர்ட்ஸின் தலைமுடி

மேற்குக் கான்சஸில், மாட்டிறைச்சி ஆலையை நம்பிப் பிழைக்கும் எங்கள் ஊரில் பதினோரு வருடமாகச் செத்தவர்களைக் கழுவி, உடுத்தி, முகம் திருத்திக் கிடத்தியவள் நொவெமி பராஹாஸ். ஊரில் ஒரே இறுதிச்சடங்கு நிலையம். நான் அங்கே அமரர் ஊர்தி ஓட்டுகிறேன். அவள் மகளுக்கு ஞானத்தகப்பன் என்ற உரிமையில் என்னை ‘கொம்பாத்ரே’ என்றுதான் கூப்பிடுவாள்.

என் அம்மா மெக்சிகோ எல்லையைத் தாண்டிய நாற்பதாம் நாள் நான் பிறந்தேன். அதனால் நான் அமெரிக்கக் குடிமகன். நொவெமியின் அம்மா பிள்ளையைப் பெற்று, நான்கு வயதுவரை வளர்த்த பிறகு தாண்டினாள். அதனால் நொவெமி யாருமில்லை. எங்கள் இருவரின் தகுதிக்கும் உள்ள வித்தியாசம் அவ்வளவுதான்.

அவளைப் போலச் சிறுவயதில் கொண்டுவரப்பட்டவர்களுக்கு அரசாங்கம் ஒரு சலுகை வைத்திருக்கிறது. இரண்டு வருடத்துக்கொரு முறை மனுப் போட்டால், உன்னை நாடு கடத்தவில்லை, வேலை செய்துகொள் என்று ஓர் அட்டை வரும். ஓர் ஆட்சி அதை நிறுத்துகிறோம் என்னும். ஒரு நீதிமன்றம் நிறுத்தக்கூடாது என்னும். இன்னொரு நீதிமன்றம், சலுகையே செல்லாது, ஆனால் பழையவர்கள் இப்போதைக்குப் புதுப்பித்துக்கொள்ளலாம் என்னும். புதுப்பிக்கும்போதெல்லாம் பத்து விரலிலும் ரேகை எடுப்பார்கள். இரண்டு வருடத்தில் விரல் மாறியிருக்கும் என்று சந்தேகம் போலும்.

போன வருடம் ஐந்து மாதம் முன்னதாகவே மனுப் போட்டாள். ‘பரிசீலனையில் உள்ளது’ என்று பதில் வந்தது. பரிசீலனையிலேயே நவம்பரும் வந்தது, அட்டை காலாவதியானது. நிலையத்தின் முதலாளி ரஸ்ஸல் நல்ல மனிதர். கண் கலங்கினார், சாவியை வாங்கிக்கொண்டார். அட்டையோடு ஓட்டுநர் உரிமமும் போய்விட்டதால் கடைக்கும் கோயிலுக்கும் அவளை நான்தான் அமரர் ஊர்தியில் கூட்டிப்போனேன். முன் இருக்கையில்தான். ஊர் வேடிக்கை பார்த்தது.

இனி வெர்லின் கெர்ட்ஸ். மாவட்ட மன்ற உறுப்பினர், பெரிய கோதுமை விவசாயி. இந்தச் சலுகையை ஒழிக்க வேண்டும் என்று மன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்தவர். “நல்லவங்க மேல எனக்கு ஒரு கோபமும் இல்ல. ஆனா யாரா இருந்தாலும் வரிசையில நின்னுதான் வரணும்” என்று எல்லாக் கூட்டத்திலும் சொல்வார். அந்த வரிசை எந்தத் தெருவில் ஆரம்பிக்கிறது என்று மட்டும் சொன்னதில்லை.

ஜனவரியில் அவருடைய அம்மா ஆர்லீன் தொண்ணூற்றொரு வயதில் இறந்துபோனார். தன் கணவரை நொவெமி கிடத்தியிருந்த அழகைப் பார்த்ததிலிருந்து, தன் தலைமுடியில் அந்தப் பெண்ணைத் தவிர யாரும் கை வைக்கக்கூடாது என்று சொல்லி வைத்திருந்தவர்.

மறுநாள் காலை வெர்லின் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நொவெமியின் சமையலறையில் வந்து நின்றார். நான் மேஜையில் குடல் சூப் குடித்துக்கொண்டிருந்தேன்.

“அம்மா தலைய நீதான் பண்ணித் தரணும், நொவெமி. அவங்க கேட்டது அது ஒண்ணுதான்.”

“எனக்கும் ஆசைதான், மிஸ்டர் கெர்ட்ஸ். ஆனா வேலை செய்ய எனக்கு அனுமதி இல்ல.”

“இத ஏன் வேலைன்னு நெனைக்கிற? பழகினவங்களுக்கு ஒரு உதவி.”

“நாளைக்கு யாராவது புகார் பண்ணா, கெர்ட்ஸ்தான் செய்யச் சொன்னாருன்னு சொல்லலாமா?”

அவர் தொப்பியின் விளிம்பைத் தடவினார். “என் பேரு எதுக்கு இதுல?”

“அப்ப எழுத்துல குடுங்க. மன்றத்துத் தாள்ல, கையெழுத்துப் போட்டு.”

“அதுக்குச் சட்டம் எடம் குடுக்காதேம்மா.”

“அதத்தான் நானும் சொல்றேன்.”

அவர் போன பிறகு அவள் கழுவிய தட்டையே திரும்பக் கழுவினாள். “கொம்பாத்ரே, ஆர்லீனுக்கு வகிடு இடது பக்கம். வர்ற ஆளுகிட்ட மறக்காம சொல்லிடு” என்றாள்.

அவளுக்குப் பதிலாக விசிட்டா நகரத்திலிருந்து வந்த ஆளிடம் சொன்னேன். என்னை டிரைவர் என்று தெரிந்துகொண்டு தலையை மட்டும் ஆட்டினான். தொண்ணூற்றொரு வயதுக் கிழவிக்கு நடுவகிடு எடுத்து, ரோஜா நிறத்தில் உதட்டுச்சாயம் பூசி, வங்கியில் புதிதாகச் சேர்ந்த பெண் மாதிரி படுக்க வைத்திருந்தான். வெர்லின் ஒருமுறை எட்டிப் பார்த்தார். பெட்டியைத் தானே மூடினார்.

சட்டத்தை மதித்தவளுக்கு ஊர் வைத்த பெயர் நன்றிகெட்டவள். அவள் இடுகாட்டுக்கு வந்து, பனியில் கடைசி வரிசையில் நின்று அழுதாள். “கிழவிக்காகத்தான். மகனுக்காக ஒரு சொட்டும் இல்ல” என்று வண்டியில் சொன்னாள்.

மார்ச்சில் அட்டை வந்தது. ரஸ்ஸல் திரும்பவும் கண் கலங்கி, சாவியைக் கொடுத்தார். அந்த வாரமே வெர்லின், அம்மாவின் கல்லறைக்கல் விஷயமாக வந்தவர், நொவெமியைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பானார்.

“பாத்தியா? முறைப்படி போனா எல்லாம் தன்னால நடக்குது.”

நான் வாயைத் திறந்தேன். ரஸ்ஸல் என் காலை மிதித்தார். அன்று இரண்டு உடல்கள் காத்திருந்தன. நொவெமி கையுறையை மாட்டிக்கொண்டு உள்ளே போனாள்.